வன்னியிலிருந்து சிறுவர் இன்ரவென்ஷனல் ரேடியோலொஜி பெலோஷிப்புக்கு: ஆயத்தமும் பயிற்சியும்

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வேலைசெய்கிற இளைய டொக்டர்மார் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, இங்க கத் லாப்பே இல்லை. இங்கயிருந்து சிறுவர் இன்ரவென்ஷனல் ரேடியோலொஜிக்கு எப்பிடி ஆயத்தப்படுத்துறது?" கத் லாப், அதாவது எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடி இரத்தக்குழாய்க்குள் கதீட்டர் செலுத்தும் அறை, இல்லாதது தடையே இல்லை என்பதுதான் என் பதில். இந்தத் துறையின் பாதி வேலை அல்ட்ராசவுண்ட் புரோபும் ஒரு மெல்லிய ஊசியும்தான். அந்த இரண்டும் உங்கள் வார்ட்டில் இப்போதே இருக்கின்றன.

உடலைத் திறந்து வெட்டாமல், ஸ்கான் படத்தைப் பார்த்தபடி குழந்தைக்குச் சிகிச்சை செய்வதே இந்தத் துறை. நீண்டகால மருந்துக்கு மைய நாளத்தில் குழாய் இறக்குவது, சீழை வடிப்பது, ஈரலிலோ சிறுநீரகத்திலோ பயொப்ஸி எடுப்பது, வயிற்றுக்குள் உணவுக் குழாய் வைப்பது, இரத்தக்குழாய்க் குறைபாடுகளுக்கு மருந்து செலுத்திச் சுருங்கவைப்பது (ஸ்கிளெரோதெரபி) எல்லாம் இதற்குள் வரும்.

பாதை உங்களுக்குத் தெரிந்ததுதான். எம்.பி.பி.எஸ்., இன்டர்ன்ஷிப், பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனமான பி.ஜி.ஐ.எம்.மில் கதிரியக்கவியல் எம்.டி., அதற்குப் பிறகு வெளிநாட்டுப் பயிற்சி. சிறுவர் இன்ரவென்ஷன் பெலோஷிப் பெரும்பாலும் ஒரு வருடம். ரொரன்ரோ, லண்டன், பொஸ்டன், பிலடெல்பியா போன்ற நகரங்களின் பெரிய சிறுவர் மருத்துவமனைகளில்தான் அது உண்டு. இடங்களோ மிகக் குறைவு. ஒரு வருடத்துக்கும் மேலாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். ஆங்கிலத் தேர்வையும் பதிவுப் பத்திரங்களையும் கடைசி மாதங்களுக்குத் தள்ளிவைக்காதீர்கள்.

இனி, வார்ட்டில் தொடங்கக்கூடியதைச் சொல்கிறேன். பிள்ளைகள் வார்ட்டில் கனியூலா ஏறாத குழந்தை எப்போதும் ஒன்று இருக்கும். அங்கே புரோபோடு போய் நில்லுங்கள். உள்கணுக்கால் எலும்புக்குச் சற்று முன்னால் ஓடும் சபீனஸ் நாளத்தில் தொடங்குங்கள். அது இருக்கும் இடம் அநேகமாக மாறாது. நாளத்தைக் குறுக்காகப் பார்க்கும்போது ஊசிமுனை ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். புள்ளி தெரிந்ததும் ஊசியை நிறுத்தி, புள்ளி மறையும்வரை புரோபை மெல்ல முன்னே நகர்த்துங்கள். பிறகு புள்ளி திரும்பத் தெரியும்வரை ஊசியைச் செலுத்துங்கள். இப்படியே மாறிமாறி, முனை நாளத்தின் நடுவில் வந்து நிற்கும்வரை. இந்தப் பழக்கம் கையில் ஊறிவிட்டால் பெலோஷிப்பின் முதல் மாதத்தில் நீங்கள் வெறும் பார்வையாளராக நிற்கமாட்டீர்கள். குழந்தையில் செய்யுமுன் வீட்டில் பழகலாம்: கோழி நெஞ்சிறைச்சிக்குள் தண்ணீர் நிரப்பிய ரப்பர்க் குழாயை நுழைத்து இரு முனையையும் கட்டிவிட்டால் போதும்.

செய்ததை எல்லாம் எழுதிவையுங்கள். பெயர் வேண்டாம், வயது, நிறை, ஊசியின் அளவு, உங்கள் பங்கு, ஏதும் சிக்கல் வந்ததா என்பவை வேண்டும். நேர்முகத்தில் என்னிடம் பெரிய எம்பொலைசேஷன் (இரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைப்பது) பற்றி எவரும் கேட்கவில்லை. ஒரு சிறு குழந்தைக்கு நெஞ்சில் சீழ் வடிக்கையில் இரத்தம் வந்தால் என்ன செய்வாய், யாரைக் கூப்பிடுவாய் என்றுதான் கேட்டார்கள்.

இடத்தைத் தெரிவுசெய்யும்போது மருத்துவமனையின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். முன்பு அங்கே படித்தவர்களுக்கு எழுதிக் கேளுங்கள்: ஊசியைப் பிடிப்பது யார்? கிளினிக்கில் இருக்க விடுகிறார்களா? இரவு அழைப்புக்கு முதலில் போவது பெலோவா? மூளையின் கேலன் நாளக் குறைபாட்டுக்கான எம்பொலைசேஷன் பார்க்க மனதை இழுக்கும். ஆனால் பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சையும் நரம்புச் சத்திரசிகிச்சையும் அருகில் இல்லாத இடத்தில் அதைச் செய்யமுடியாது. வடக்கில் வந்து வேலைசெய்யப்போகிறவர் அந்த ஒரு வருடத்தின் பெரும்பகுதியை வடிகுழாய்க்கும் நாள வழிக்கும் பயொப்ஸிக்கும் ஸ்கிளெரோதெரபிக்கும் கொடுக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அங்கே போனதும் முதலில் மாறவேண்டியது கணக்கு. 4 கிலோக் குழந்தையின் உடலில் மொத்த இரத்தம், கிலோவுக்கு 80 மில்லிலீற்றர்படி, ஏறத்தாழ 320 மில்லிலீற்றர்தான். கதீட்டரைக் கழுவக் கழுவ 5 மில்லி, 5 மில்லியாக உள்ளே போகும் சேலைனையும் கூட்டியாகவேண்டும். மரக்கவைக்கும் மருந்தான லிக்னொகெய்ன் கிலோவுக்கு 4.5 மில்லிகிராம் என்பது உச்சம். பச்சைக் குழந்தைக்கு அதிலும் குறைத்தே கொடுப்பார்கள். அந்த உச்சத்தையே எடுத்தாலும் இந்தக் குழந்தைக்கு 18 மில்லிகிராம், அதாவது 1 சதவீத மருந்தில் 1.8 மில்லி. பெரியவருக்கு 10 மில்லி இழுத்துப் பழகிய கை இதை மறந்துவிடும். அதனால் குழந்தையின் நிறை, லிக்னொகெய்ன் எல்லை, கொன்ட்ராஸ்ட் (படத்தில் குழாய்களைத் தெளிவாகக் காட்டும் மருந்து) எல்லை, சேலைன் எல்லை நான்கையும் தொடங்குமுன் பலகையில் எழுதிவிடுவோம். தாதி ஒவ்வொரு முறையும் சத்தமாகக் கூட்டிச் சொல்லுவார். கதிரியக்கத்துக்கும் அப்படியே: எக்ஸ்ரே பாயும் பல்ஸ் வேகத்தைக் குறை, கதிர்ப் பரப்பை ஒடுக்கு, சிறு குழந்தைக்குச் சிதறும் கதிரைத் தடுக்கும் கிரிட்டைக் கழற்று, போதுமான படத்தோடு நிறுத்து. அறையைச் சூடாக வைப்பதும் சிகிச்சையின் பகுதிதான்; சின்ன உடம்பு விரைவில் குளிர்ந்துவிடும்.

ஆனால் அந்த வருடத்தில் நான் அதிகம் கற்றது கிளினிக்கில். நம் பக்கத்தில் பிள்ளைக்குக் கழுத்திலோ கன்னத்திலோ சிவப்பாக, நீலமாக எது வீங்கினாலும் துண்டில் 'ஹெமான்ஜியோமா' என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். 1982இல் மலிக்கன், குளொவாக்கி என்ற ஆய்வாளர்கள் இவற்றைக் கட்டி, குழாய்க் குறைபாடு என இரண்டாகப் பிரித்தார்கள். இன்றைய சர்வதேச வகைப்பாட்டின் அடிப்படையும் அதுதான். உண்மையான ஹெமான்ஜியோமா ஒரு கட்டி: பெரும்பாலும் பிறந்து சில வாரங்களில் தெரிந்து, வேகமாக வளர்ந்து, பிறகு தானாகவே வற்றத் தொடங்கும். அதற்கு ஊசி வேண்டாம். சிகிச்சை தேவைப்பட்டால் புரொபனலோல் என்ற மருந்து, அது வேலைசெய்வது 2008இல் பிரான்சில் தெரியவந்தது. குழாய்க் குறைபாடோ பிறக்கும்போதே இருந்து, பிள்ளையோடு சேர்ந்து வளரும். நிணநீர்ப் பைகள் பெரிதாக இருந்தால் டொக்சிசைக்கிளின் அல்லது பிளியோமைசின் செலுத்தலாம். நாளக் குறைபாட்டுக்கு வேறு மருந்து. நாடி கலந்து வேகமாக ஓடுவதற்கு வழியே வேறு. இவற்றைப் பிரிக்க முதலில் தேவைப்படுவது அம்மாவிடம் ஒரு கேள்வி: "இது பிறக்கேக்கையே இருந்ததோ, பிறகு வந்ததோ?" அடுத்தது டொப்ளர், அதாவது இரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட். துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் பஸ் ஏறும் ஒரு குடும்பத்தின் பயணத்தை இந்த இரண்டும் தவிர்க்கக்கூடும். எனக்கு இந்தத் துறையில் மிகப் பெரிய விஷயம் இதுதான்.

எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது பிள்ளை பயப்படாமல் இருக்க அம்மாவை உள்ளே விடுவது வெளிநாட்டில் வழக்கம். நல்ல வழக்கம். ஆனால் எங்கள் சனத்தில் அம்மாவிடமும் அப்பாவிடமும் தனியாகக் கேளுங்கள்: "உங்கட உடம்பில ஷெல் துண்டு ஏதும் இருக்கோ?" கண்ணருகிலோ முள்ளந்தண்டருகிலோ கிடக்கும் இரும்புத் துண்டு காந்தத்தில் அசையலாம். சந்தேகமென்றால் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள், அல்லது வேறொருவரை உள்ளே இருத்துங்கள். வெளிநாட்டுப் படிவங்களிலும் உலோகத் துண்டு பற்றிய வரி உண்டு. ஆனால் 2009க்குப் பிறகு அதோடேயே வாழ்ந்து பழகிய ஒருவர், வாய்விட்டுக் கேட்டாலொழிய அதைச் சொல்லமாட்டார்.

திரும்பிவருவதற்குச் சில மாதங்கள் முன்பே, நீங்கள் வேலைசெய்யப்போகும் வைத்தியசாலையின் களஞ்சியத்துக்கு ஒரு பட்டியல் அனுப்புங்கள்: மெல்லிய 21 கேஜ் துளையூசித் தொகுதி, 3, 4 பிரெஞ்ச் உறைக்குழாய், சிறுவர் அளவு வடிகுழாய், ஸ்கிளெரோதெரபி மருந்து, உயர் அதிர்வெண் புரோப். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த வயதுக்கு, எந்தச் சிகிச்சைக்கு, மாதத்தில் எத்தனை தேவைப்படும் என்று எழுதினால், கோரிக்கையைப் பார்ப்பவருக்கு அனுமதிக்க இலகு.