கையெழுத்து இருந்தால் போதுமா?

"கையெழுத்து இருக்கு, சிவப்பு முத்திரையும் இருக்கு. அசல்தானே?"

பழைய சீன மலை ஓவியம் ஒன்றின் மூலையை மட்டும் பெரிதாக்கி நண்பர் இன்று காலை அனுப்பியிருந்தார். மலையையே காணோம். முழுப் படத்தையும் பின்பக்கத்தையும் அனுப்பச் சொன்னேன்.

தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் பழைய சீன ஓவியர் ஃபான் குவானின் மலை ஓவியம் இருக்கிறது. இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுப் பழமை.

அதில் கோவேறு கழுதைகள் போகும் வழியருகே, இலைகளுக்குள் ஒளிந்திருந்த கையெழுத்தை 1958இல்தான் கண்டுபிடித்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே அது அவருடைய ஓவியமாகப் போற்றப்பட்டது. எனக்கு இது எப்போதும் சிலிர்ப்பு தரும் விஷயம்.

மறுபக்கம் ஜாங் டாச்சியன் (1899–1983). பெரிய ஓவியர், பழைய மேதைகளைப் போலவே வரைவதிலும் அசாத்தியத் திறமை. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் 1957இல் பத்தாம் நூற்றாண்டுப் படைப்பு என்று வாங்கிய ஓவியம் அவர் வரைந்ததுதான்.

முத்திரையை யாரும் செதுக்கிவிடலாம். பார்த்து வரையும் கை பெரும்பாலும் கோட்டில் தயங்கும், மையில் அது தெரியும். நான் முதலில் தேடுவது அதைத்தான்.

ஆனால் ஜாங்கின் கை தயங்காது. அங்கே பட்டின் நெசவு, நிறமி, யார் யார் கைமாறி வந்தது என்று ஒவ்வொன்றாகத் தோண்ட வேண்டியிருக்கிறது.