தலையைக் காட்டாதீங்க சார்!

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், புல் மூடிய மணல்குன்றுகளான சேண்ட்ஹில்ஸ் பக்கம் நவம்பர் நடுவில் வரும் மான் வேட்டை ரைபிள் சீசன் ஒன்பதே நாள்தான். முதல் நாள் விடியலில் நடக்கிற கூத்துக்கு மானே தேவையில்லை, கைபேசி போதும். இங்குள்ள செர்ரி கவுண்டியை (மாவட்டம் மாதிரி) இரண்டாகப் பிளந்துகொண்டு நேரமண்டலக் கோடு போகிறது. எந்த டவர் சிக்கியதோ அந்த நேரத்தைத்தான் கைபேசி காட்டும். ஒருத்தர் பூட்ஸ் மாட்டி வாசலில் நிற்பார், கூட வந்தவர் போர்வைக்குள் இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி வைத்திருப்பார். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்புதான் சுட அனுமதி. அதனால் கைபேசியின் தானியங்கி நேரத்தை முந்தின இரவே அணைக்கும்படி, வேட்டைக்கு வந்தவர்களிடம் வழிகாட்டி சொல்லிவிட வேண்டும்.

விமானத்தில் வந்த ரைபிளை அப்படியே நம்பக்கூடாது. ஸ்கோப்பின் (மேலே பொருத்திய குறிபார்க்கும் தொலைநோக்கி) திருகுகளை இறுக்கி, 100 கெஜத்தில் மூன்று தோட்டா சுட்டுப் பாருங்கள். மையத்துக்கு ஒன்றரை அங்குலம் மேலே பட்டால் வழக்கமான மான் ரைபிளுக்கு 200 கெஜம் வரை கவலையில்லை.

அடுத்தது சட்டை. தலை, மார்பு, முதுகு சேர்த்து 400 சதுர அங்குலம் ஆரஞ்சு நிறம் சட்டப்படி கட்டாயம். "இந்த நிறத்துல மான் நம்மளப் பாத்துடாதா?" என்று தினமும் ஒருவர் கேட்பார். மானுக்கு ஆரஞ்சு அவ்வளவாக உறைக்காது. வானத்தை முட்டிக்கொண்டு அசைகிற தலைதான் உறைக்கும். ஆனால் உச்சிக்குப் போனதும் நிமிர்ந்து நின்று "ஆஹா, என்ன காட்சி!" என்று இடுப்பில் கைவைப்பது மனித இயல்பு. எதிர்ச்சரிவில் இருக்கிற மான்களுக்கும் அப்போது அருமையான காட்சிதான். உச்சியை விட்டு, குன்றின் தோள்பட்டை வழியாகச் சுற்றுங்கள். கடைசிப் பத்தடி தவழ்ந்துதான். சேண்ட்பர் முள் நம் நெருஞ்சிக்குச் சளைத்ததல்ல, தோல் கையுறையும் முட்டிக்காப்பும் இல்லாமல் யாரும் தவழ வேண்டாம்.

இந்த ஊரில் மரம் கிடையாது, வீடு கிடையாது, தூரத்தை அளக்கக் கண்ணுக்குப் பிடிமானமே இல்லை. "நூத்தம்பது கெஜம் இருக்குமா?" என்பார் வேட்டைக்கு வந்தவர். அளவைக் கருவி 300 சொல்லும். அதுவும் முன்னால் ஆடுகிற புல்லை அளந்துவிட்டு 40 என்று சாதிக்கும், மூன்று நான்கு தடவை அமுக்க வேண்டும். 200-க்குச் சரிசெய்த தோட்டா 300-ல் ஏழெட்டு அங்குலம் இறங்கும். மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக்காற்று அடித்தால் இன்னும் ஆறேழு அங்குலம் ஒதுங்கும். குறிவைக்க வேண்டிய நெஞ்சுப்பகுதியே ஒரு சாண்தான்! தவழ்ந்து 200-க்குள் போவதே மேல்.

எல்லாம் சரியாக அமைந்து, படுத்து, மூச்சை அடக்கிச் சுட்டால் முகமெல்லாம் மணல். ஸ்கோப்பில் மான் பளிச்சென்று தெரிந்ததே? ஸ்கோப் இருப்பது குழலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே. கண்ணுக்கு வழி திறந்திருக்கும், குழலுக்கு முன்னால் மேடு நிற்கும். இத்தனை பக்குவத்துக்குப் பிறகு சுட்டது நெப்ராஸ்காவையே. அவர் விசையில் விரல் வைப்பதற்கு முன் வழிகாட்டி பக்கவாட்டில் குனிந்து குழல் நுனியைப் பார்த்துவிட்டால் இந்த வம்பே இல்லை. நல்லவேளையாகக் கழுதைக்காது வைத்த மியூல் மான் கொஞ்ச தூரம் துள்ளிப் போய், பெரும்பாலும் ஒருமுறை நின்று திரும்பிப் பார்க்கும். வெண்வால் மானிடம் அந்த மரியாதையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

விழுந்துவிட்டதா? பிக்கப் வண்டி எப்போதும் இரண்டு குன்றுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும். மணலில் இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கும். பிளாஸ்டிக் சறுக்குப் பலகையும் பத்தடிக் கயிறும் இல்லாமல் போகாதீர்கள். தலை முன்னால் வரும்படிக் கட்டுங்கள், ரோமம் படிந்த திசையில் வழுக்கிக்கொண்டு வரும். கயிற்றை வழிகாட்டி தோளில் மாட்டியதும் வேட்டைக்காரர் ஓடிவந்து ஒரு கொம்பை இரண்டு விரலால் பிடித்துக்கொள்வார்: "கொம்பு எங்கயும் இடிக்காம நான் பாத்துக்கறேன்."