புத்தகம் ஏறியது, தலைப்பு ஏறவில்லை

எங்கள் ஊர் வாசகசாலைக்கு ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் இணையதளம் கட்ட உதவும் கருவித்தொகுப்பு) ஒரு புத்தகப் பட்டியல் செய்து கொடுத்தேன். தலைப்பு என்றால் இங்கே புத்தகத்தின் பெயர் அல்ல, வரலாறு, சமையல் போன்ற பொருள் வகை. ஒரு புத்தகத்துக்குப் பல தலைப்புகள், ஒரு தலைப்பில் பல புத்தகங்கள். மாடலில் (புத்தகத்துக்கு என்னென்ன விவரம் என்று சொல்லும் நிரல்) இப்படிப் பலவற்றைப் பலவற்றோடு இணைக்கும் மெனி-டு-மெனி ஃபீல்டு ஒன்றைப் போட்டு, படிவத்தில் டிக் அடிக்கும் பெட்டிகளாகக் காட்டியிருந்தேன். மூன்றாம் நாள் நூலகர் அக்கா போன் செய்தார். "தம்பி, நாப்பது புத்தகம் ஏத்திட்டேன். ஒண்ணுலயும் தலைப்பு நிக்கலையே?"

"டிக் அடிச்சீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

எரர் எதுவும் இல்லை. 'சேமிக்கப்பட்டது' என்று பச்சை நிறத்தில் செய்தி வேறு வருகிறது. பிரவுசரிலிருந்து என்ன போகிறது என்று பார்த்தேன். இரண்டு தலைப்புகளின் எண்களும் ஒழுங்காகப் போயின. படிவம் சரிபார்த்து முடித்த தரவை பிரிண்ட் செய்தேன்; அதிலும் இரண்டும் இருந்தன. கடைசியில் டேட்டாபேஸுக்குள்ளேயே போனேன். புத்தகத்தையும் தலைப்பையும் இணைக்க ஜாங்கோ தானாக உருவாக்கும் டேபிள் ஒன்று உண்டு. அதில் மூன்றே நெடுவரிசை: அதன் சொந்த ஐடி (அடையாள எண்), புத்தகத்தின் ஐடி, தலைப்பின் ஐடி. அது துடைத்து வைத்தது போலக் காலியாக இருந்தது.

அப்போதுதான் முந்தைய வாரம் செய்த 'சின்ன' மாற்றம் நினைவுக்கு வந்தது. யார் பதிவு செய்தார் என்று குறிப்பதற்காக, படிவத்தின் சேவ் அழைப்பில் 'கமிட்=ஃபால்ஸ்' (இப்போதே டேட்டாபேஸில் எழுதாதே என்று பொருள்) சேர்த்து, புத்தகத்தைக் கையில் வாங்கி, பயனர் பெயரைப் போட்டு, பிறகு சேவ் செய்தேன். புத்தகம் மட்டும் ஏறியது.

காரணம் எளிதுதான். தலைப்புகளுக்குப் புத்தகத்தின் வரிசையில் இடமே கிடையாது. அவை அந்த மூன்றாவது டேபிளில்தான் உட்காரும். அங்கே எழுதப் புத்தகத்தின் ஐடி வேண்டும். கமிட்=ஃபால்ஸ் என்றால் புத்தகம் இன்னும் டேபிளுக்கே போகவில்லை, ஐடி எங்கிருந்து வரும்? அதனால் ஜாங்கோ இணைப்பு வேலையைத் தள்ளிவைத்து, படிவத்திலேயே 'சேவ்_எம்2எம்' என்றொரு மெத்தடை (கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) வைத்துவிட்டுப் போகிறது. புத்தகத்தைச் சேவ் செய்தபின் அதை நாம்தான் கூப்பிட வேண்டும். கமிட்=ஃபால்ஸ் இல்லாத சாதாரண சேவ் என்றால் இதையும் அதுவே செய்துவிடும்; முதலில் ஒழுங்காக ஓடியது அதனால்தான். ஆவணத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. நான் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வரி சேர்த்தேன், சரியானது. போன 40 புத்தகங்களின் தலைப்புகள் எங்கும் பதிவாகவில்லை என்பதால், ஒரு சாயங்காலம் முழுக்க அக்கா பதிவேட்டைப் பார்த்து வாசிக்க, நான் டிக் அடித்தேன்.

அப்புறம் அவர் ஒன்று கேட்டார்: தலைப்பு எதுவும் தேர்ந்தெடுக்காவிட்டால் 'இதர' என்று தானாக விழ வேண்டும். மாடலின் சேவ் மெத்தடிலேயே, தலைப்பு இல்லை என்றால் 'இதர'வைச் சேர் என்று எழுதினேன். கட்டளைகளைத் தட்டிப் பார்க்கும் ஷெல்லில் வேலை செய்தது. படிவத்திலும், ஜாங்கோவே தரும் நிர்வாகப் பக்கமான அட்மினிலும் செய்யவில்லை. இந்த முறை சீக்கிரமே பிடிபட்டது. புத்தகம் சேவ் ஆகும்போது 'இதர' ஏறுகிறது. அடுத்த நொடியே சேவ்_எம்2எம் வந்து, படிவத்தில் இருந்த காலிப் பட்டியலை அதன் மேல் 'செட்' செய்கிறது. ஏறிய 'இதர' இறங்கிவிடுகிறது. நான் எழுதிய இடம்தான் தப்பு. படிவத்தைக் கையாளும் நிரலான வியூவில் சேவ்_எம்2எம்முக்குப் பின்னும், அட்மினில் 'சேவ்_ரிலேட்டட்' மெத்தடில் சூப்பரை (ஜாங்கோவின் மூல மெத்தடை) அழைத்த பின்னும் அந்தச் சோதனையை வைத்தேன்.

கூடவே ஒரு டெஸ்ட்டும் எழுதினேன்: இரண்டு தலைப்புகளோடு படிவத்தை அனுப்பு, இணைப்பு டேபிளில் இரண்டு வரிசை இருக்கிறதா என்று எண்ணு. பச்சைச் செய்தியை அது பார்ப்பதே இல்லை.