மக்கான் சிக்னலில் ஒரு கலகம்

ஞாயித்துக்கிழமை விடியக்காலம் 5.30 மணிக்கு நான் வேலூர் கோட்டை மைதானத்துல நின்னேன்னு சொன்னா என்னைத் தெரிஞ்ச யாரும் நம்ப மாட்டீங்க. ஆயா மட்டும் உடனே நம்புச்சு. "பொண்டாட்டி இட்டுனு போயிருப்பா" அப்படின்னுச்சு.

அதேதான். நேதாஜி ஸ்டேடியத்துல ஒரு வருஷமா ஓடிப் பழகி, வீட்டம்மா இந்த வாட்டி 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பேர் குடுத்துட்டா. சும்மா குடுத்திருந்தா பரவாயில்ல. கூடவே எனக்கும் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் 3 கிலோமீட்டர் குடும்ப நடைக்குப் பணம் கட்டிட்டா. தலைக்கு 300 ரூபாய். நாலு வயசுத் தலையும் தலைதானாம்.

 சின்னவன் சேட்டையில ஊரே அறிஞ்ச ஆளு. அவனுக்குக் குடுத்த டீ-சர்ட் பெரியவங்க சைஸ்லயே சின்னது. போட்டதும் கணுக்கால் வரைக்கும் வந்துச்சு. நம்பர் அட்டையை நெஞ்சுல குத்தினா முட்டிக்கிட்ட தொங்குது. போற வர்றவங்கல்லாம் "சாமியாரே"ன்னு கும்பிட்டுட்டுப் போறாங்க. அதுக்கு மேல இலவசமா ஒரு தொப்பி. அந்தத் தொப்பியை ஞாபகம் வெச்சிக்கோங்க, வேலை இருக்கு.

விசில் ஊதினதும் முதல் 300 மீட்டர் அம்பு மாதிரி போனான். எனக்கே பெருமையாப் போச்சு. அப்புறம் உக்காந்துட்டான். எறும்பு சாரி போகுதாம், அது போய் முடியட்டுமாம். பெரியவளுக்கோ இது நடைன்னு எத்தனை வாட்டி சொன்னாலும் போட்டிதான். "அப்பா, அந்த வேட்டி கட்டின தாத்தா நம்மள முந்திட்டாரு... அப்பா, குச்சி வெச்சிருந்த ஆயாவும்... அப்பா, அந்த நாய்..." மொத்தம் 43 பேரும் ஒரு நாயும்னு முடிவுல கணக்கு சொன்னா. நாய் நம்பர் அட்டை குத்தலைங்கிறதுதான் அவளுக்கு ஒரே ஆறுதல்.

வழியில தண்ணி குடுக்கிற மேஜையிலெல்லாம் வாழைப்பழம் வெச்சிருந்தாங்க. சின்னவன் நாலு தின்னான். அதுக்கப்புறம் நடந்ததையும், எங்களுக்காக ஷட்டரைத் தூக்கின டீக்கடை அண்ணனோட பெருந்தன்மையையும் நான் விவரிக்கப் போறதில்ல. நீங்க சாப்பிட்டுட்டு இருக்கலாம்.

மீதி தூரம் என் தோள்ல. 16 கிலோ. இதே எடைக்கு அரிசி மூட்டைன்னா அதுபாட்டுக்குக் கிடக்கும், காதைப் பிடிச்சு வண்டி ஓட்டாது. மணி ஏழைத் தாண்டலை, அதுக்குள்ள நம்மூரு வெயில் கழுத்துல கை வெச்சிடுச்சு. தை மாசம்னு அதுக்கு யாரு சொல்றது?

மக்கான் சிக்னல் கிட்ட வந்தப்போ எனக்கு மூச்சு வாங்குச்சு. நின்னு மூச்சு வாங்கினா மானம் போகும். பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துற மாதிரி நின்னா மரியாதை. நினைவுத் தூணைக் காட்டி ஆரம்பிச்சேன். "இது இன்னாத் தெரியுமா? 1806 ஜூலை 10. நம்ம கோட்டையில இருந்த சிப்பாய்ங்க வெள்ளைக்காரனை எதிர்த்து ராத்திரியில கிளம்பிட்டாங்க. 1857 சிப்பாய்க் கலகத்துக்கு 51 வருஷம் முன்னாடியே!"

"ஏன்பா?" இது பெரியவ.

"புதுசா ஒரு தொப்பி குடுத்து, இதைத்தான் போடணும்னாங்க. தோல் பட்டை வெச்ச தொப்பி. தாடியை எடு, நெத்தியில எதுவும் வெக்காதன்னும் சொன்னாங்க. நாங்க போட மாட்டோம்னு..."

அதோட நிறுத்தியிருக்கணும். மேல இருந்து ஒரு தொப்பி பறந்து வந்து ரோட்டுல விழுந்துச்சு.

"நானும் போட மாட்டேன்."

அத்தோட விட்டானா? டீ-சர்ட்டையும் கழட்ட ஆரம்பிச்சான். பாதி வந்து தலையில மாட்டிக்கிச்சு. உள்ள இருந்து "போட மாட்டேன், போட மாட்டேன்"னு கோஷம் மட்டும் வருது. என் காது ரெண்டும் அவன் கால்ல. ஓரமா நின்ன டிராபிக் போலீஸ்காரரு விசிலை வாயிலேர்ந்து எடுத்துட்டு வேடிக்கை பாக்குறாரு. 200 வருஷத்துக்கு மேலயே அந்த இடத்துக்கு ஒரு ராசி இருக்கு.

பாடத்துல நான் சொல்லாம விட்ட பாதி ஒண்ணு உண்டு. அந்தக் கலகத்தை அடக்கினது யாரு? சேதி போய்ச் சேர்ந்ததும் ஆற்காட்டுலேர்ந்து கில்லெஸ்பிங்கிற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப்படையோட 25 கிலோமீட்டர் சொச்சம் பறந்து வந்தான். அதே நாள் காலையிலேயே கோட்டையைப் பிடிச்சான்.

என் வீட்டம்மாவுக்குப் பிறந்த ஊரும் அதே ஆற்காடுதான். மக்கன் பேடா இனிப்பு தின்னவங்களுக்கெல்லாம் அந்த ஊரைத் தெரியும்.

கரெக்டா அந்த நேரம் பாத்து 10 கிலோமீட்டர் கூட்டத்தோட அவ ஓடி வர்றா. நிக்கலை. ஒரு வார்த்தை பேசலை. தாண்டும்போது ஒரு பார்வை, அவ்ளோதான். டீ-சர்ட் தானா கீழ இறங்குச்சு. பெரியவ ஓடிப்போய்த் தொப்பியை எடுத்துத் தட்டிக் குடுத்தா. சின்னவன் வாங்கி மாட்டிக்கிட்டான். எதுக்கும் இருக்கட்டும்னு நானும் என் தொப்பியை நேரா வெச்சிக்கிட்டேன்.

முடிவுக் கோட்டுல எனக்கொரு மெடல், பெரியவளுக்கொரு மெடல். சின்னவன் கழுத்தை நீட்டினான். "அஞ்சு வயசுக்குக் கீழ மெடல் கிடையாது சார்." ஏன்யா, 300 ரூபாய் வாங்கும்போது வயசைக் கேட்டியா? கேட்டேன். பதிலுக்கு ஒரு வாழைப்பழம் குடுத்தாங்க. அஞ்சாவது.

என் மெடலைப் போட்டுவிட்டா வேணாங்கிறான். "அது உன்து." நியாயம்தான். லாங் பஜார்ல பாதி ஷட்டர் திறந்திருந்த ஒரு கப்பு, ஷீல்டு கடையைத் தேடிப் பிடிச்சேன். கடைக்காரர் துழாவித் துழாவி, யாரோ ஆர்டர் குடுத்துட்டு வாங்காமப் போன ஒண்ணை எடுத்தாரு. 60 ரூபாய். வாங்கி மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தப்புறந்தான் எழுத்துக்கூட்டிப் படிச்சு பெரியவ சொன்னா: கபடி, இரண்டாம் பரிசு.

சாயங்காலம் வீட்டம்மா காலை வெந்நீர்ல வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தா. இவன் பக்கத்துல போய் அவ மெடலைத் திருப்பித் திருப்பிப் பாத்தான்.

"உனக்கு எத்தினியாவது?"

"எல்லாருக்கும் குடுத்தாங்கடா."

"எனக்கு ரெண்டாவது" அப்படின்னான். அவ தோளைத் தட்டிக் குடுத்துட்டு வேற போனான்.

இன்னிக்கு அதைப் போட்டுக்கிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன்னு நின்னான், போயும் இருக்கான். மத்தியானம் மிஸ் போன் பண்றாங்க. வாழ்த்துக்கள் சார், சொல்லவே இல்லையே, ஸ்போர்ட்ஸ் டேவுக்கு எல்.கே.ஜி. பிள்ளைங்களை வெச்சு ஒரு கபடி போட்டுடலாமா, தம்பியே கேப்டனா இருக்கட்டும்னு.

போனை ஆற்காட்டுக்காரிகிட்ட குடுத்துட்டு நான் மாடிக்கு வந்துட்டேன்.