கமராவுக்குக் கட்டின தேசிக்காய்

ட்ரைபொட் காலில் ஒரு தேசிக்காயும் மூண்டு செத்தல் மிளகாயும் தொங்குது.

புதுக்குடியிருப்புப் பக்கம், பனங்கூடலுக்குள்ள குறும்படம் எடுக்கிற பெடியள்.

"ஏன் தம்பி உது?"

"கமரா அடிக்கடி நிண்டுபோகுது அண்ணை. இந்த வளவில முனி இருக்காம்."

வெயிலுக்குச் சூடேறி நிண்டிருக்கும். நான் சொல்லேல்லை.

மிதிவெடிப் பலகையில மண்டையோட்டைப் பார்த்து வளர்ந்த பெடியள், முனிக்குப் பயப்பிடுறாங்கள்!

ஹொலிவூட்டிலயும் உந்தக் கதை இருக்கு. 1956இல் வந்த 'தி கொன்கரர்', சபிக்கப்பட்ட படமாம். கௌபோய் படங்களால பேர்போன ஜோன் வெயின், மங்கோலிய மன்னன் செங்கிஸ்கானா நடிச்சது. (அந்த வேசமே பெரிய சாபம்தான்.) வேலை செய்த 220 பேரில 91 பேருக்கு 1980க்குள்ள புற்றுநோய்.

ஆனா படம் எடுத்த இடத்தைப் பாருங்கோ. அமெரிக்காவின்ர யூட்டா மாநிலப் பாலைவனம். 1953இல் பக்கத்து நெவாடாவில 11 அணுகுண்டு வெடிச்சுப் பரிசோதிச்சவங்கள். காத்து அந்தத் தூசியை இஞ்சாலதான் தள்ளினது. போதாததுக்கு, மிச்சக் காட்சிக்கெண்டு அந்த மண்ணையே 60 தொன் அள்ளி ஸ்டூடியோவுக்குக் கொண்டு போயிருக்கினம்.

வெயின் பெட்டி பெட்டியா சிகரெட் ஊதின ஆள், அதையும் தள்ளேலாது. ஆருக்கு எதால வந்ததெண்டு பிரிச்சுச் சொல்லுறது கஷ்டம்.

ஆனா சாபமெண்டு சொல்லிப்போட்டா, குண்டு வெடிச்ச அரசாங்கத்தை ஆரும் கேள்வி கேக்கமாட்டினம். அந்தத் தூசி படக்காரரில மட்டும் படேல்லை. அங்க ஊர்ச்சனமும் இருந்தது. அதுகளுக்கு நட்டஈட்டுச் சட்டம் வந்தது 1990இல்.