நகம் இறங்குகிற டயர்: மதுரையிலிருந்து போடிமெட்டுக்கு

போடிமெட்டு மலைப்பாதையில் தமிழ்நாட்டுப் பக்கம் 17 கொண்டை ஊசி வளைவுகள். அக்காவை மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இருக்கிற பூப்பாறையில் கட்டிக்கொடுத்த பிறகு அந்தப் பதினேழையும் எத்தனை முறை ஏறி இறங்கியிருப்பேன் என்று கணக்கில்லை. போன வருடம் ஜூலையில் அதில் ஒரு வளைவில் விழுந்தேன்.

வேகமாக ஒன்றும் போகவில்லை. கீழே போடியில் நல்ல வெயில். முந்தல் தாண்டி ஏற ஏற மேகம் இறங்கி வந்து, பாதி மலையில் சாரல் பிடித்துக்கொண்டது. இரண்டாவது கியரில் வண்டியைச் சாய்த்துத் திருப்பினேன். திரும்பிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று ஏதோ ஒரு வரப்பிலிருந்து இறங்கியது போல இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. அடுத்த நொடி பின்சக்கரம் வெளிப்பக்கம் ஓடிவிட்டது. முழங்கையில் சிராய்ப்பு, வலது பக்கக் கண்ணாடி காலி. பின்னால் வந்த ஜீப்பில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் இருந்தார்கள். நான் எழுவதற்குள் நான்கு பேர் இறங்கி வண்டியைத் தூக்கி ஓரமாக நிறுத்திவிட்டார்கள். ஒரு அம்மா தன் தூக்குவாளியிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கையைக் கழுவிவிட்டார்.

ஜீப் ஓட்டி வந்த அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, டயரைப் பார்த்தார். டயரின் மேல் இருக்கும் மேடு பள்ளங்களைக் காட்டி, "பட்டன்லாம் இருக்கே அண்ணே" என்றேன். அவர் குனிந்து கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்தினார். "பட்டன் இருக்கு தம்பி. நகம் இறங்குதா பாருங்க. கல்லு மாதிரி இருக்கு. நடுவுல பலகையா வேற தேஞ்சிருக்கு" என்றார்.

அன்றைக்கு அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த டயரை வெகுநேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடையது டாமினார் 400 பைக். அந்தப் பின் டயர் 26,000 கி.மீ. ஓடியிருந்தது. அத்தனை தூரம் உழைத்த டயர் என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெருமையில்தான் தப்பு இருந்தது.

மதுரையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது முக்கியமான விஷயம் என்று நினைக்கிறேன். நம் ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் முதலில் நேர்ரோடுதான். திருச்சி ரோடு, ராமேஸ்வரம் ரோடு, திருநெல்வேலி ரோடு எல்லாமே அப்படி. மணிக்கணக்கில் வண்டி நிமிர்ந்தே ஓடுகிறது, சூட்டில் கொதிக்கும் தார், டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்கிறது. உருண்டையாக இருக்க வேண்டிய டயர் நடுவில் தட்டையாகி, தட்டை முடியும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒரு விளிம்பு விழுந்துவிடும். அதே டயரோடு வார இறுதியில் கொடைக்கானலோ சிறுமலையோ போடிமெட்டோ ஏறுகிறோம். சாய்க்கும்போது வண்டி அந்த விளிம்பைத் தாண்டி விழுகிறது. நான் வரப்பு என்று உணர்ந்தது அதைத்தான்.

சரி, புது டயர். விசாரிக்க ஆரம்பித்தபோது எல்லாரும் கேட்ட முதல் கேள்வி "எத்தனை கிலோமீட்டர் வரும்?" என்பதுதான். நானும் முன்பு அப்படித்தான் கேட்பேன். கெட்டியான ரப்பர் நிறைய ஓடும், ஆனால் ஈரத்தில் ரோட்டைக் கவ்வாது. மிருதுவான ரப்பர் நன்றாகக் கவ்வும், சீக்கிரம் தீர்ந்துவிடும். பல வருடம் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நீளப் பயணத்துக்கும் வளைவுக்கும் சேர்த்துச் செய்கிற ஸ்போர்ட்ஸ் டூரிங் டயர்கள் இதை இரண்டு வழியில் சரி செய்தன. ஒன்று, ஒரே டயரில் நடுவில் கெட்டி ரப்பர், ஓரங்களில் மிருதுவான ரப்பர். மிஷ்லின் 2007-ல் கொண்டுவந்த பைலட் ரோடு 2 இப்படி வந்த டயர்; இப்போது பல கம்பெனிகள் இதைச் செய்கின்றன. இன்னொன்று சிலிகா. டயருக்குக் கறுப்பு நிறம் தருவது கார்பன் கரி. அதில் ஒரு பகுதிக்குப் பதில் சிலிகாவைக் கலந்தால் ரப்பர் குளிர்ச்சியிலும் ஈரத்திலும் விறைக்காமல் இருக்கும். போடியில் வெயில், மெட்டில் சாரல் என்று ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு பருவத்தைக் கடக்கிற நமக்கு இதைவிடத் தேவையானது வேறில்லை.

அப்புறம் ரேடியல். உள்ளே நூல்கள் குறுக்குமறுக்காக ஓடும் பழைய வகையை நம் கடைகளில் நைலான் டயர் என்பார்கள். ரேடியலில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும், மேலே ஒரு பட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். சூடு குறைவாகத்தான் ஏறும். என் வண்டியில் கம்பெனியே ரேடியல்தான் கொடுத்திருந்தது: முன்னால் 110/70, பின்னால் 150/60, இரண்டும் 17 அங்குலம். விலை குறைவு என்று பின்னால் மட்டும் நைலான் மாற்றிக்கொண்டவன் நான். முன்னால் ஒரு வகை, பின்னால் ஒரு வகை என்று கலக்கக் கூடாது என்பது அப்போது தெரியாது.

முதலில் போன கடையில் நல்ல டயர் ஒன்றை நல்ல தள்ளுபடியில் காட்டினார்கள். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் எண்ணைத் தேடினேன். கடைசி நான்கு இலக்கம் 1820. அதாவது 2020-ஆம் வருடம் 18-வது வாரம் செய்தது. "ஓடாத டயர்தானே, புதுசுதான்" என்றார்கள். தகர ஷெட்டில் ஐந்து கோடையைப் பார்த்த ரப்பர் ரோட்டைப் பார்க்காமலே கெட்டியாகியிருக்கும். நகத்தை அழுத்திப் பார்த்தேன், அச்சு விழவில்லை. வந்துவிட்டேன்.

காளவாசல் பக்கம் இன்னொரு கடை. அங்கே இருந்த பெரியவர் எடுத்த எடுப்பில் டயரைக் காட்டவில்லை. "எங்க ஓட்டுவீங்க தம்பி? ஆள் ஏத்துவீங்களா? மழையில போவீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனார். பின்னால் 150 மி.மீ. அகலத்துக்குப் பதில் 160 போட்டால் பார்க்க நன்றாக இருக்குமே என்று எனக்கு ஓர் ஆசை இருந்தது. அவர் என் ரிம்மின் மேல் கையை வைத்து இரண்டு பக்கமும் அழுத்திக் காட்டினார். "இந்த ரிம்முக்கு அகலமான டயரை ஏத்துனா இப்படி நெருக்கும். நடுவு கூம்பும். வண்டி திரும்ப அடம் பிடிக்கும். கம்பெனி போட்ட அளவையே போடுங்க." கடைசியில் மிஷ்லின் ரோடு 5 என்று முடிவானது. 2018-ல் வந்த டயர், என் அளவில் கிடைத்தது, தயாரித்த தேதியும் ஐந்து மாதத்துக்குள். தேயத் தேய அகலமாகிற மாதிரி இதன் பள்ளங்களை வெட்டியிருக்கிறார்கள். பாதி தேய்ந்த பிறகும் தண்ணீரைத் தள்ளும் என்பதுதான் என்னை இழுத்தது. விலை கூடுதல்தான். உடைந்த கண்ணாடி, பிரேக் லிவர், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துச் சரி என்றேன்.

மாட்டுவதை நின்று பார்த்தேன். சுழல வேண்டிய திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பார்த்து வைத்தார். வால்வையும் புதிதாக மாற்றினார். பிறகு வீல் பேலன்ஸ். பெரியவர் கிளம்பும்போது சொன்னது: "நூறு, நூத்தம்பது கிலோமீட்டர் பதமா ஓட்டுங்க. அச்சுல இருந்து வந்த வழவழப்பு போகணும். அதுக்கு முன்னாடி சாய்க்காதீங்க."

அதற்காகவே மறுநாள் விடியற்காலையில் ஒரு சுற்று. ஒத்தக்கடையில் யானைமலை இருட்டில் படுத்திருந்தது. மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டி டயர் ஃபேக்டரியைத் தாண்டும்போது ஷிப்ட் முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா அங்கேதான் இருக்கிறது, யூரோகிரிப் டயர்கள் அவர்களுடையவை. நம் ஊர்க்காரர்கள் கையால் டயர் செய்கிற ஊர் இது. ஆனாலும் டயரைப் பற்றி நாம் பேசிக்கொள்வது எவ்வளவு குறைவு என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். கொட்டாம்பட்டியில் டீ, அங்கிருந்து நத்தம், நத்தத்திலிருந்து மதுரை. திரும்பி வந்தபோது நடுவில் பளபளப்பு போயிருந்தது, ஓரத்தில் இன்னும் மினுமினுத்தது. அடுத்த வாரம் அழகர்கோவில் ரோட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து அதையும் எடுத்தேன்.

முதல் நீளப் பயணம் மே மாதத்தில் ராமேஸ்வரம். பின்னால் மாப்பிள்ளை (என் பள்ளித் தோழன், அவன் என்னையும் அப்படித்தான் கூப்பிடுவான்), இரண்டு பைகள். வீட்டில் டயர் குளிர்ந்திருக்கும்போது பின்னால் காற்று 32 பி.எஸ்.ஐ. வைத்துக் கிளம்பினோம். பரமக்குடியில் நிறுத்தி என் காற்று மீட்டரை வைத்துப் பார்த்தால் 36. "கொஞ்சம் இறக்கிவிடு மாப்ள, வெடிச்சிறப் போகுது" என்றான். இறக்கக் கூடாது. சூட்டில் காற்று விரிவதால் வரும் ஏற்றம் அது, டயர் அதற்குத்தான் செய்யப்பட்டிருக்கிறது. அப்போது இறக்கினால் குளிர்ந்த பிறகு காற்று குறைவாக இருக்கும். குறைந்த காற்றில் டயர் நசுங்கி நசுங்கி ஓடும், சூடு இன்னும் ஏறும். அதிகம் வைத்தாலும் நடுப்பகுதி மட்டும் ரோட்டைத் தொட்டுச் சீக்கிரம் பலகையாகிவிடும். என் பழைய டயர் அப்படித்தான் போனது: பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கிற இடத்தில் "முப்பத்தஞ்சு வைங்க" என்று சொல்லிவிட்டு, மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்றுகூடப் பார்க்க மாட்டேன். ஒரு மீட்டர் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு வாரம் ஒரு முறை காலையில் பாருங்கள். டயருக்கு நாம் செய்யக்கூடிய உபகாரத்தில் அதுதான் பெரியது.

பாம்பன் பாலத்தின் இரும்பு இணைப்புகளில் எந்த டயரும் வழுக்கும். வண்டியை நிமிர்த்தி, பிரேக்கைத் தொடாமல் கடந்தோம். தனுஷ்கோடியில் காற்று ரோட்டில் மணலைக் கொண்டுவந்து போட்டிருந்தது. மணலிலும் எந்த டயராலும் ஒன்றும் செய்ய முடியாது, மெதுவாகப் போவதைத் தவிர.

ஜூலையில் மறுபடி பூப்பாறை. செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி. கணவாயில் இரண்டு மூன்று நல்ல வளைவுகள் உண்டு, அங்கேயே வித்தியாசம் தெரிந்தது. முன்பு வண்டியைத் தள்ளித் திருப்ப வேண்டியிருந்தது, இப்போது பார்வை போகிற பக்கம் வண்டி சாய்ந்தது. போடியில் ஏலக்காய் மணம், வெயில். முந்தலில் நிறுத்தி டயரைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. மேலே மேகம் கறுத்திருந்தது.

ஐந்தாவது வளைவில் தூறல். எட்டாவதில் நல்ல மழை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, அதை மறைக்க விரும்பவில்லை. நான் விழுந்த வளைவில் மேலிருந்து ஒரு ஜீப் இறங்கியது, அதற்கு வழிவிட்டு உள்பக்கம் ஒதுங்க வேண்டியிருந்தது. தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் டீசல் படர்ந்திருந்தது. டேங்கை முட்ட நிரப்பிக்கொண்டு ஏறும் வண்டிகள் வளைவில் சிந்திவிட்டுப் போவது. டீசலை விலக்கி, அதற்கு வெளியே நல்ல தாரில் வண்டியைச் சாய்த்தேன். வரப்பு எதுவும் வரவில்லை. நிமிர்ந்து நின்றதிலிருந்து சாய்ந்தது வரை ஒரே சீராகப் போய், ஒரே சீராக எழுந்தது. பின்சக்கரம் அசையவே இல்லை. ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

மெட்டில் டீக்கடையில் போன வருடம் பார்த்த அதே ஜீப் அண்ணன் நின்றிருந்தார். அவருக்கு என்னை நினைவில்லை, வண்டியை நினைவிருந்தது. கேட்காமலே குனிந்து நகத்தை அழுத்தினார். மெல்லிய பிறை போல அச்சு விழுந்து மெதுவாக மறைந்தது.

"இது எத்தனை கிலோமீட்டர் வரும்?" என்று கேட்டார்.

இப்போது 7,800 ஓடியிருக்கிறது. பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் கட்டையை ரப்பர் தொட இன்னும் நிறைய இருக்கிறது. நடுவில் லேசாகத் தட்டை விழத் தொடங்கிவிட்டது, நேர்ரோட்டு ஊர்க்காரன் டயரில் அது விழாமல் இருக்காது. கட்டை தொடும் வரை காத்திருக்கப் போவதில்லை என்று அவரிடம் சொன்னேன். சாய்க்கும்போது அந்த வரப்பு முதல் முறை தட்டுப்படுகிற அன்றைக்கே காளவாசலுக்குப் போய்விடுவேன். அவர் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்து முடித்தார். கீழே இறங்குவதற்கு ஜீப்பில் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.