கோயில் மண்டபத்தில் வைஃபை மாட்டும்போது

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில் கல்யாணம் என்றால் பெரும்பாலும் கோயில் மண்டபம்தான். மேலே ஜிங்க் கூரை, அதன் அடியில் வெப்பத்தைத் தடுக்க அலுமினியத் தாள், தாங்குவதற்கு இரும்புச் சட்டம், சுற்றிலும் செங்கல் சுவர். வெளியிலிருந்து வரும் கைப்பேசி அலை இப்படிப்பட்ட கட்டடத்தின் வாசலிலேயே பாதி செத்துவிடும். மொய் மேசையில் பணம் அனுப்ப டுயிட்நவ் கியூஆரை ஸ்கேன் செய்தவர் திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார், பின்னால் வரிசை நீளும். மண்டபத்துக்கு வைஃபை வேண்டும் என்று நிர்வாகத்தினர் கேட்பது இதனால்தான்.

கேட்டவுடன் பலரும் செய்வது, ஆன்டெனா நிறைய உள்ள விலை உயர்ந்த வைஃபை பெட்டி ஒன்றை வாங்கி அலுவலக அறையில் வைப்பது. இது சரிவராது. பெட்டி உரக்கக் கத்தினால் கைப்பேசிக்குக் கேட்கும், ஆனால் கைப்பேசி பதில் சொல்லும் குரல் சின்னது, அது பெட்டிவரை வந்து சேராது. திரையில் முழுக் கோடு காட்டியும் எதுவும் திறக்காமல் கிடப்பது இதனால்தான். சின்னப் பெட்டிகளாக வாங்குங்கள், ஆட்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள், சக்தியைக் குறைத்து வையுங்கள். 60 அடிக்கு 100 அடி மண்டபம், 300 முதல் 400 பேர் என்றால் உள்ளே மூன்று, பந்தி நடக்கும் இடத்தில் ஒன்று, ஆக நான்கு பெட்டி போதும். மூன்றையும் ஒரே கோட்டில் வைக்காமல் இடது, வலது, இடது என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.

எந்த இடத்தில் மாட்டுவது என்பதுதான் இந்த வேலையின் உயிர். வட்டத் தட்டு மாதிரி இருக்கும் சிலிங் பெட்டிகள் முகம் தரையைப் பார்க்க மாட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. அலை குடை விரித்த மாதிரி பக்கவாட்டிலும் கீழுமாகப் பரவும். அதே பெட்டியைச் சுவரில் தட்டையாக ஒட்டினால் குடை சாய்ந்துவிடும். பாதி அலை கூரைக்குப் போகும், மீதி எதிர்ச் சுவரில் மோதும். மண்டபத்தில் சிலிங் இல்லை, கூரைச் சட்டம் 18, 20 அடி உயரத்தில் இருக்கிறது என்றால் அங்கே ஏற்றாதீர்கள். ஜிங்குக்கு நேர் கீழே மத்தியானச் சூடு கடுமையாக இருக்கும். கட்டடத்துக்குள் வைக்கும் பெட்டிகள் பலவற்றுக்கும் 40 டிகிரிதான் வரம்பு. இரும்புச் சட்டத்தை ஒட்டி வைத்தால் அலையின் வடிவமும் கெடும். தூணில் 10, 11 அடி உயரத்தில் எல் வடிவ பிராக்கெட் அடித்து, அதில் பெட்டியைத் தரை பார்க்க மாட்டுவதே நல்லது. சுழலும் காற்றாடியிலிருந்து மூன்றடியாவது தள்ளி இருக்கட்டும்.

சிலிங் உள்ள பழைய மண்டபமாக இருந்தால் டிரில்லை எடுக்கும் முன் சிலிங்கைப் பாருங்கள். சாம்பல் நிறச் சிமெண்டுத் தகடு என்றால், அது ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்து இல்லை என்று சொல்ல முடியாது. அதில் துளை போட்டால் பறக்கும் தூசு நுரையீரலில் போய்த் தங்கிவிடும். பல ஆண்டு கழித்துத்தான் நோய் தெரியும். அந்தத் தகட்டைத் தொடாமல் தூணுக்கே போய்விடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நிர்வாகம் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கான்கிரீட் தூணுக்கு 6 மி.மீ. பிட், 6 மி.மீ. பிளக், 8ஆம் நம்பர் ஒன்றரை அங்குல ஸ்குரு. துளை பிளக்கைவிட ஐந்து மி.மீ. ஆழமாக இருக்கட்டும், உள்ளே தங்கும் தூளுக்கு இடம் வேண்டும். பிட் இறங்காமல் கீச்சிட்டால் உள்ளே கம்பி. அழுத்திப் பயனில்லை, மூன்று செ.மீ. தள்ளிப் போடுங்கள். ஏணியின் அடியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

கேபிள் வாங்கும்போது கவனம் தேவை. 305 மீட்டர் கேபிள் பெட்டி ஒன்று மற்றதைவிடப் பாதி விலைக்குக் கிடைத்தால், அது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். பெட்டியைத் தூக்கினாலே எடை குறைவு தெரியும். கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் அலுமினியம், சிவந்தே இருந்தால் செம்பு. நம் வேலையில் மின்சாரமும் அதே கேபிளில்தான் பெட்டிக்குப் போகிறது. அலுமினியத்தில் தடை அதிகம் என்பதால் வழியிலேயே வோல்ட் குறையும், கம்பி சூடாகும். வைஃபை பெட்டி ஆள் ஏறாமல் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றும் தெரியாது. 50 பேர் ஏறியதும் மின்சாரம் போதாமல் தானாக அணைந்து மறுபடி எழும். கல்யாண நேரத்தில் மட்டும் வைஃபை போய்விடுகிறது என்ற புகார் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தான். முழுச் செம்பு கேட் 6 வாங்குங்கள். எல்லாக் கேபிளும் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சிலிருந்து பெட்டிவரை ஒரே ஓட்டம், நடுவில் ஒட்டு இல்லை. 90 மீட்டருக்குள் இருக்கட்டும்.

நுனியில் ஆர்ஜே45 பின் (பெட்டியில் செருகும் பிளாஸ்டிக் முனை) அடிப்பதைப் பொறுமையாகச் செய்யுங்கள். மேல் உறையை ஓரங்குலம் உரித்ததும் கம்பிகளின் தோலில் கத்தி பட்டிருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள், பட்டிருந்தால் வெட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். இடமிருந்து வலமாக ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. விரல்களுக்கிடையில் தட்டையாக நீவி, அரை அங்குலம் விட்டு ஒரே வெட்டாக வெட்டுங்கள். அதற்குமேல் முறுக்கைப் பிரிக்க வேண்டாம். பின்னுக்குள் தள்ளியதும் முன்பக்கம் எட்டுச் செம்புப் புள்ளிகளும் தெரிய வேண்டும், மேல் உறையும் பின்னின் வாய்க்குள் நுழைந்திருக்க வேண்டும். உறை வெளியே நின்றால் பிறகு இழுபடும் பாரம் முழுவதும் அந்த மெல்லிய கம்பிகளின் மேல்தான் விழும். ஒற்றைக் கம்பிக்கென்று விற்கும் பின்னைக் கேட்டு வாங்குங்கள், பல இழைக் கம்பிக்கான பின் இதில் சரியாகக் கடிக்காது. வேலை முடிந்து சுவிட்சில் வேகம் 1,000 எம்பிபிஎஸுக்குப் பதில் 100 என்று காட்டினால், நான்கு ஜோடியில் ஏதோ ஒன்று தொடவில்லை. நெட் ஓடுகிறதே என்று விட்டுவிடாமல் பின்னை வெட்டி மறுபடி அடியுங்கள்.

வெளிச்சுவர் வழியாகக் கேபிள் போகும் இடத்தில் கருப்பு உறையுள்ள வெளிப்புறக் கேபிள்தான் வேண்டும். வெள்ளைக் கேபிள் வெயிலில் வெடித்துவிடும். சுவருக்குள் நுழையும் இடத்தில் கேபிளை ஓர் அடி கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றி நுழையுங்கள். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டி நின்றுவிடும். துளையையும் உள்ளிருந்து வெளியே சரியும்படி போட்டு, சிலிகான் வைத்து அடையுங்கள். அடைக்காத துளை எறும்புக்கும் பல்லிக்கும் வீடு. எலி ஓடும் இடமென்றால் குழாய்க்குள் விட்டே எடுங்கள். மின்சார வயரோடு சேர்த்துக் கட்ட வேண்டாம், அரை அடி விலகியே போகட்டும். குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடங்கள்.

இனி மின்னல். இணைய ஃபைபர் வந்து இறங்குவது கோயில் அலுவலகத்தில், மண்டபம் முற்றத்துக்கு அந்தப் பக்கம். நடுவே 40 மீட்டர்தானே, கேட் 6 எட்டுமே என்று இழுத்துவிடுகிறார்கள். தூரத்துக்கு எட்டும், மின்னலுக்குத் தாங்காது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்காலமானால் இடி இல்லாத நாள் குறைவு. பக்கத்தில் எங்கோ இடி விழுந்தாலும் இரண்டு கட்டடங்களின் எர்த்துக்கு இடையே அந்த நொடியில் பெரிய வோல்ட் வித்தியாசம் எழும். அதற்கு வழி கொடுப்பது அந்தச் செம்புக் கேபிள். ஒரு முனையில் ரூட்டர், மறுமுனையில் சுவிட்ச், அதற்கப்பால் பெட்டிகள் என்று வரிசையாகப் போகும்.

கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபரே போடுங்கள். முனை அடித்தே விற்கும் 50 மீட்டர் சிங்கிள்மோட் கேபிள் ஒன்று, ஃபைபரின் ஒளியைக் கேட் 6க்கு ஏற்ப மாற்றித் தரும் மீடியா கன்வெர்ட்டர் ஒரு ஜோடி. ஒற்றை இழையில் ஓடும் கன்வெர்ட்டர் என்றால் ஏ, பி என்று ஜோடியாக வரும். அலுவலகத்தில் ஏ என்றால் மண்டபத்தில் பி இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஏ வைத்தால் விளக்கே எரியாது. ஃபைபரோடு இரும்புக் கம்பி சேர்ந்து வந்தால் கட்டடத்துக்கு வெளியிலேயே அதைக் கட்டி வெட்டிவிடுங்கள், உள்ளே கொண்டுவந்தால் மின்னலைக் கையோடு அழைத்து வந்த மாதிரி. முற்றத்தில் குழாய் புதைத்தால் உள்ளே நைலான் கயிறு ஒன்றையும் விட்டு வையுங்கள், நாளைக்கு இன்னொன்று இழுக்க உதவும். ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள்.

மண்டபத்துப் பக்கம் பிஓஇ சுவிட்ச், அதாவது நெட் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் சுவிட்ச். அதன் தரம் 802.3ஏஎஃப் என்றால் சுவிட்சின் ஒரு வாயில் அதிகபட்சம் 15.4 வாட், கேபிளின் மறுமுனைக்கு 12.95 கிடைக்கும். 802.3ஏடி என்றால் 30, மறுமுனையில் 25.5. பெட்டிக்கு எது வேண்டும் என்று அதன் பின்பக்கம் பாருங்கள். நான்கு பெட்டியும் 13 வாட் என்றால் மொத்தம் 52. 60 வாட் சுவிட்ச் தாங்கும், ஆனால் ஐந்தாவதாகக் கேமரா ஒன்று சேர்ந்தால் திணறும். 120 வாட் வாங்கினால் பிறகு கவலை இல்லை. 24 வோல்ட் பழைய பிஓஇ அடாப்டர் எங்காவது கிடந்தால் கலந்துவிடாதீர்கள்.

பெட்டியின் செட்டிங்கில் நாடு மலேசியா என்று இருக்கட்டும். வைஃபை ஓடும் இரண்டு அலைவரிசைகளில் 5 ஜிகாஹெர்ட்ஸில் 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைத்து, நான்கு பெட்டிக்கும் 36, 44, 149, 157 என்று ஆளுக்கொரு சேனல் கொடுங்கள், ஒன்று மற்றதில் இடறாது. 80 வைத்தால் வேகச் சோதனையில் எண் பெரிதாகத் தெரியும், கூட்டத்தில் எல்லாம் மோதும். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் அகலம் 20 மட்டும், சேனல் 1, 6, 11. நான்காவது பெட்டியில் 2.4ஐ அணைத்துவிடலாம். சக்தி 2.4க்கு 10 டிபிஎம் (அலையின் பலத்தை அளக்கும் அலகு) அளவில், 5க்கு 16 அளவில் தொடங்கிப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் முகூர்த்தம் நெருங்கும்போது புதிதாக வருபவருக்கு மட்டும் வைஃபை ஏறவில்லை என்றால், ரூட்டர் ஒவ்வொரு கைப்பேசிக்கும் கொடுக்கும் ஐபி முகவரி தீர்ந்துவிட்டது. வழக்கமான அமைப்பில் கைப்பேசிகளுக்குக் கிடைப்பது 253 முகவரிகள். முந்தின நாள் நலங்குக்கு வந்துபோனவர்களின் முகவரி 24 மணி நேரம் அவர்கள் பெயரிலேயே கிடக்கும். ரூட்டரில் சப்நெட் மாஸ்க்கை 255.255.254.0 ஆக்கி, முகவரி கொடுக்கும் டிஎச்சிபி வழங்கும் எல்லையையும் அதற்கேற்ப நீட்டினால் 509 கிடைக்கும். முகவரி ஒருவர் பெயரில் கிடக்கும் லீஸ் நேரத்தை 2 மணி ஆக்குங்கள். டிஎச்சிபி கொடுப்பது ரூட்டர் ஒன்று மட்டும்தான், பெட்டிகள் எல்லாம் அலையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் மோடில் இருக்க வேண்டும். விருந்தினருக்கு ஒரு பெயர், அலுவலகத்துக்கும் மொய் மேசைக்கும் வேறு பெயர். விருந்தினர் ஆளுக்கு 5 எம்பிபிஎஸ் என்று கட்டுப்படுத்திவிட்டால், யாரோ ஒருவர் படம் இறக்கி எல்லாரையும் முடக்க முடியாது.

நேரலைக்கு வைஃபையை நம்பவே வேண்டாம். வெளியூரில் இருக்கும் பாட்டி தாலி கட்டுவதைப் பார்க்கும் அந்த ஒரு நிமிஷத்தில்தான் மண்டபத்தில் எல்லாக் கைப்பேசியும் ஒன்றாக வீடியோ எடுத்து அனுப்பும். மணவறைக்குப் பக்கத்துத் தூணில், முழங்கால் உயரத்தில், தனிக் கேட் 6 பாயிண்ட் ஒன்று வைத்துவிடுங்கள். கேமராக்காரர் அதில் செருகிக்கொள்வார்.

அளப்பதைக் காலி மண்டபத்தில் செய்வோம், ஆனால் மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், அலையைக் குடித்துவிடும். கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பேசியை மடி உயரத்தில் பிடித்து வைஃபை அனலைசர் செயலியில் பாருங்கள். மைனஸ் எண் பெரிதாக ஆக அலை பலவீனம். காலியாக இருக்கும்போது மைனஸ் 60 டிபிஎம் கிடைத்தால், ஆட்கள் நிறைந்தாலும் பெரும்பாலும் மைனஸ் 67க்குக் கீழே இறங்காமல் தாங்கும். காலியிலேயே மைனஸ் 67 என்றால் பெட்டியை அடுத்த தூணுக்கு மாற்றுங்கள், சக்தியைக் கூட்டிச் சமாளிக்க வேண்டாம்.

ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டுங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர், சுவிட்ச் அருகில் இரண்டு மீட்டர் கேபிள் மிச்சம் சுருட்டி வையுங்கள். எந்த எண் எந்தத் தூணுக்குப் போகிறது, எந்தச் சேனல், ஃபைபர் எந்த வழியாக வருகிறது என்று ஒரு தாளில் வரைந்து சுவிட்ச் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். முதல் பெருமழை பெய்த மறுநாள் ஒரு முறை போய், சுவர் துளைகளுக்குக் கீழே ஈரம் இருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள்.